ராம் 1500 பிக்கப்பில் மீண்டும் ஹெமி: கூடுதல் விலைக்குக் கிடைப்பது என்ன?

அமெரிக்காவில் பிக்கப் வாங்கத் திட்டமிடும் நண்பர்கள் அண்மைக் காலமாகக் கேட்கும் கேள்வி, ராம் 1500 வண்டியில் ஹெமியை எடுப்பதா, ஹரிகேனை எடுப்பதா என்பதுதான். 2025 மாடலில் நீக்கப்பட்ட 5.7 லிட்டர், எட்டு சிலிண்டர் ஹெமி வி8 எஞ்சின் 2026 மாடலில் திரும்பி வந்திருக்கிறது. அதன் இடத்தைப் பிடித்திருந்த 3 லிட்டர், ஆறு சிலிண்டர், இரட்டை டர்போ (காற்றை அழுத்தி எஞ்சினுக்குள் செலுத்தும் கருவி) கொண்ட ஹரிகேன் எஞ்சினும் விற்பனையில் நீடிக்கிறது. ஹூஸ்டன் நகர நெரிசலிலும் அதற்கு வெளியே உள்ள நெடுஞ்சாலைகளிலும் இரண்டையும் ஓட்டிப் பார்த்துவிட்டே இதை எழுதுகிறேன்.

முதலில் எண்கள். ஹெமி 395 குதிரைத்திறனும் 410 பவுண்டு-அடி முறுக்குவிசையும் (சக்கரங்களைச் சுழற்றும் விசை) தருகிறது. சாதாரண ஹரிகேன் 420 குதிரைத்திறனும் 469 பவுண்டு-அடியும் தருகிறது. அதே எஞ்சினின் உயர்திறன் வகையில் இவை 540, 521 என உயர்கின்றன. ஆனால் பெரும்பாலான வகைகளில், சாதாரண ஹரிகேனை விட்டு ஹெமியைத் தேர்ந்தெடுக்க விரும்புபவர் 1,200 டாலர் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். குறைந்த ஆற்றலும் சற்றே கூடுதலான எரிபொருள் செலவும் கொண்ட ஒரு எஞ்சினுக்கு அதிக விலை வைத்தும், அறிவிப்பு வெளியான முதல் 24 மணி நேரத்திலேயே 10,000க்கும் மேற்பட்ட ஆர்டர்கள் வந்ததாக நிறுவனம் சொன்னது. இந்த வண்டியை மதிப்பிடும் எவரும் முதலில் விளங்கிக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

சாவியைத் தொடாமல் பொத்தானை அழுத்தியதும் ஹெமி எழுப்பும் ஒலியிலேயே பாதி விடை இருக்கிறது. அகன்ற வாய் கொண்ட புகைபோக்கிகளிலிருந்து எழும் அந்தத் தாழ்ந்த, சீரற்ற உறுமல், வேகமுடுக்கியை அழுத்த அழுத்தத் தடித்து வளர்கிறது. ஹரிகேனின் ஒலி மென்மையானது, சீரானது. கேட்பதற்குக் குறையொன்றும் இல்லை என்றாலும் நினைவில் நிற்பதில்லை. ஹெமியில் கால் அழுத்தத்துக்கும் வண்டியின் பாய்ச்சலுக்கும் இடையில் டர்போவின் சிறு தயக்கம் இல்லை. எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு கிடைக்கிறது. அந்த நேர்மையான உறவை நான் மிகவும் விரும்பினேன்.

ஆனால் வேலை என்று வரும்போது கதை மாறுகிறது. ஹெமியின் உச்ச முறுக்குவிசை நிமிடத்துக்கு 3,950 சுழற்சிகளில் வருகிறது. ஹரிகேனுக்கு 3,500 போதும், அதற்கு வெகு முன்பே பெரும்பகுதி கைக்கு வந்துவிடுகிறது. பின்னால் இழுவண்டியை மாட்டிக்கொண்டு நெடுஞ்சாலையின் இணைப்புப் பாதையில் ஏறும்போது ஹெமி ஒன்றிரண்டு கியர்களை இறக்கிக்கொண்டு முழங்குகிறது. ஹரிகேன் அலட்டிக்கொள்ளாமல் ஏறிவிடுகிறது. ஹெமியின் அந்த முழக்கத்தைச் சிரமம் என்று எண்ணுபவர்களும் உண்டு, பலம் என்று எண்ணுபவர்களும் உண்டு. அளவுகோலை வைத்துப் பார்த்தால் ஹரிகேனே வலிமையானது.

எட்டு கியர் தானியங்கிப் பெட்டி இரண்டு எஞ்சின்களிலும் சிறப்பாகச் செயல்படுகிறது. பின்புறச் சுருள்வில் சஸ்பென்ஷன் காரணமாக, சுமை இல்லாத நிலையிலும் இந்த வண்டி மற்ற பிக்கப்களைப் போலக் குதிப்பதில்லை. உட்புற அமைதியும் இருக்கைகளும் நல்ல செடான் காரின் தரத்தில் உள்ளன. இவற்றில் எஞ்சினைப் பொறுத்து வேறுபாடு எதுவும் இல்லை.

மைலேஜுக்கு வருவோம். நகரம், நெடுஞ்சாலை இரண்டையும் சேர்த்த அதிகாரபூர்வ மதிப்பீட்டில் ஹெமி ஒரு கேலனுக்கு ஏறத்தாழ 19 முதல் 20 மைல் தருகிறது. நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்குச் சுமார் எட்டேகால் கிலோமீட்டர். ஹரிகேன் அதைவிட ஏறத்தாழ ஒரு மைல் கூடுதலாகத் தருகிறது. ஆண்டுக்கு 15,000 மைல் ஓட்டுபவருக்கு இந்த வேறுபாடு நாற்பது கேலனுக்கும் குறைவு. ஹெமியில் 48 வோல்ட் உதவி மோட்டார் இருக்கிறது, சீரான வேகத்தில் நான்கு சிலிண்டர்களை ஓய்வுக்கு அனுப்பும் ஏற்பாடும் இருக்கிறது. அவை இல்லாமல் இந்த அளவு கூடக் கிடைத்திருக்காது. என்னை வியக்க வைத்தது வேறொன்று. எட்டு சிலிண்டர்களை ஆறாக்கி, கொள்ளளவை ஏறக்குறையப் பாதியாக்கி, இரண்டு டர்போக்களைச் சேர்த்த பிறகும் மிச்சமானது ஒரு மைல்தான். மீதமெல்லாம் குதிரைத்திறனாக மாறிவிட்டது.

இது ராம் நிறுவனத்தின் தனிக்கதை அன்று. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கின்படி, 1975இல் அந்நாட்டில் விற்ற புதிய வண்டிகளின் சராசரி ஆற்றல் 137 குதிரைத்திறன். 2022இல் அது 259. சராசரி மைலேஜும் அதே காலத்தில் 13 மைலிலிருந்து 26 மைலாக உயர்ந்திருக்கிறது. ஆனால் பொறியியல் தந்த லாபத்தின் பெரும்பங்கை எடையும் ஆற்றலும் விழுங்காமல் இருந்திருந்தால், அந்த 26 எங்கோ உயரத்துக்குப் போயிருக்கும்.

அரபு நாடுகளின் 1973 எண்ணெய்த் தடைக்குப் பிறகு, அமெரிக்காவில் 1975இல் இயற்றப்பட்ட சட்டம் ஒவ்வொரு நிறுவனத்தின் வண்டிகளுக்கும் சராசரி மைலேஜ் இலக்கை விதித்தது. கார்களுக்கு 1985ஆம் ஆண்டு மாடலில் 27.5 மைல் என்ற இலக்கு வந்தது. பிக்கப்களும் அவற்றின் வழிவந்த எஸ்யூவிகளும் தனி வகையாக, தளர்ந்த இலக்கோடு நடத்தப்பட்டன. பின்னர் 2007ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இலக்கை வண்டியின் சக்கரங்களுக்கு இடைப்பட்ட பரப்பளவோடு இணைத்தார்கள். வண்டி பெரிதானால் இலக்கு குறையும். பெரிய வண்டியைச் செய்வதற்கு இதைவிட வெளிப்படையான ஊக்கம் தேவையில்லை என்பதே என் கருத்து. எரிபொருளைச் சேமிக்க வந்த விதியிலேயே இந்த வாசலைத் திறந்து வைத்தது பெரும் பிழை.

இருந்தாலும் இலக்கை எட்டாத நிறுவனங்களுக்கு அபராதம் என்ற ஒன்று இருந்தது. ராமின் தாய் நிறுவனமான ஸ்டெல்லாண்டிஸ், 2018, 2019 மாடல்களுக்காக 23.5 கோடி டாலருக்கும் மேல் செலுத்தியது. ஹரிகேன் பிறந்ததற்கும் ஹெமி நீக்கப்பட்டதற்கும் பின்னால் அந்தச் சுமை இருந்ததை எவரும் மறுக்க இயலாது. 2025 ஜூலையில் கையெழுத்தான சட்டம் அந்த அபராதத்தைப் பூஜ்ஜியமாக்கியது. அதே ஆண்டு டிசம்பரில், 2031ஆம் ஆண்டு மாடலுக்கென ஏற்கெனவே விதிக்கப்பட்டிருந்த சுமார் 50 மைல் என்ற சராசரி இலக்கை 34.5 மைலாகக் குறைக்கும் முன்மொழிவும் வந்தது. ஹெமியின் மறுவருகை அபராதம் ரத்தாவதற்கு ஒரு மாதம் முன்பே, 2025 ஜூனில் அறிவிக்கப்பட்டது. ராம் பிரிவின் தலைவர் டிம் குனிஸ்கிஸ், ஹெமியைக் கைவிட்டது தங்கள் தவறு என்று வெளிப்படையாகவே சொன்னார். வண்டியின் பக்கவாட்டில், எஞ்சினிலிருந்து ஆட்டுக்கடாவின் தலை முளைப்பது போன்ற ஒரு சின்னம் பொறித்து, அதற்கு எதிர்ப்பின் அடையாளம் என்று பெயரும் வைத்திருக்கிறார்கள். அந்தச் சின்னம் எனக்கு உவப்பாக இல்லை. நாட்டின் எரிபொருளைக் காக்க வந்த விதியை எதிர்ப்பதைப் பெருமையாக ஒட்டிக்கொண்டு ஓட்ட எனக்கு மனம் வராது.

ஹெமியை விரும்புபவர்களை நான் குறை சொல்லவில்லை. டர்போ இல்லாத பெரிய எஞ்சின் நீண்ட காலம் உழைக்கும், பழுது பார்ப்பது எளிது என்று அவர்கள் நம்புகிறார்கள். பல ஆண்டுகளாகத் தெரிந்த எஞ்சின் என்பதால் ஊர் மெக்கானிக்குக்கும் அது பழக்கம். இந்த நம்பிக்கையில் நியாயம் உண்டு, முழுமை இல்லை. பழைய ஹெமிகளில் வால்வுகளைத் திறக்கும் லிஃப்டர்கள் தேய்வதும், புகையை வெளியேற்றும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் போல்ட்டுகள் உடைவதும் அதன் உரிமையாளர்கள் நன்கறிந்த சிக்கல்கள். ஹரிகேனின் நீண்டகால உழைப்பைக் காலம்தான் காட்ட வேண்டும்.

அடிக்கடி படகையோ முகாம் வண்டியையோ இழுப்பவர்களும், மைல்களை அதிகம் ஓட்டுபவர்களும் சாதாரண ஹரிகேனையே வாங்கலாம்; 1,200 டாலரை மிச்சப்படுத்தி, கூடுதல் ஆற்றலையும் பெறலாம். உயர்திறன் ஹரிகேன் வேகமானதுதான், ஆனால் 540 குதிரைத்திறன் பிக்கப்புக்குத் தேவையா என்பதை வாங்குபவர் நிதானமாக யோசிக்க வேண்டும். அதற்கு உயர்ரகப் பெட்ரோலும் பரிந்துரைக்கப்படுகிறது. ஒலிக்காகவும் ஓட்டும் உணர்வுக்காகவும் வண்டி வாங்குபவர், பத்து ஆண்டுகள் அதை வைத்துக்கொள்ளும் எண்ணமும் இருந்தால், ஹெமியை எடுத்துக்கொள்ளலாம். அப்படி எடுப்பவர் 33 கேலன் டேங்க்கைக் கேட்டு வாங்குவது நல்லது. சிறிய டேங்க்கோடு இழுவண்டியை மாட்டிக்கொண்டு மேற்கு டெக்சஸைக் கடப்பவர்கள் பெட்ரோல் பங்க்குகளை எண்ணிக்கொண்டே போக நேரும்.