முதல் கடற்கன்னி வால்: உறைக்கு முன் மோனோஃபினைப் பாருங்கள்

நீந்துவதற்கென்று நல்ல துணி வால் ஒன்றை முதன்முதலாக வாங்கப் போகிறவர்களின் கண் நேராகச் செதில் பிரிண்டுக்கும் நிறத்துக்கும்தான் போகும். அதில் தவறில்லை, அழகுக்காகத்தானே வாங்குகிறோம். ஆனால் தண்ணீரில் இறங்கியதும் உங்களைத் தள்ளிக்கொண்டு போவது துணி அல்ல. இரண்டு பாதங்களையும் சேர்த்து மாட்டும் ஒற்றைத் துடுப்பான மோனோஃபின்தான் அந்த வேலையைச் செய்கிறது. அதன்மேல் போர்த்தும் துணி உறை கிழிந்தால் அதே மோனோஃபினுக்கு வேறு உறை வாங்கிக்கொள்ளலாம். மோனோஃபின் மோசமானதாக இருந்தால், எவ்வளவு அழகான உறை போட்டாலும் நீச்சல் வராது. கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்குங்கள்.

சிலிக்கோன் வாலோடு ஒப்பிட்டு மனம் தளர வேண்டாம். சிலிக்கோன் வால் பத்து கிலோவில் தொடங்கி இருபதையும் தாண்டும். போட்டுக்கொள்ளவும் தூக்கவும் இன்னொருவர் உதவி வேண்டும். நல்ல துணி வால் மோனோஃபினோடு சேர்த்துச் சில கிலோதான் இருக்கும். உறையை மடித்துத் தோள்பையில் எடுத்துப் போகலாம், தனியாகவே மாட்டிக்கொள்ளலாம். பழகுவதற்கு இதுதான் சரி.

துணி வால் என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே ரகம் இல்லை. மோனோஃபினே இல்லாமல், அல்லது உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் தகடு மட்டும் வைத்து வருபவை புகைப்படத்துக்கான உடை. அவற்றை நீச்சலுக்கு வாங்கவே கூடாது. கால்களைக் கட்டிவிடும், பதிலுக்கு உந்துதல் எதுவும் தராது. அடுத்த ரகத்தில் நீண்டுகொடுக்கும் துணி உறையும் கழற்றி மாட்டக்கூடிய பிளாஸ்டிக் மோனோஃபினும் தனித்தனியாக வரும். அமெரிக்காவின் ஐடஹோவைச் சேர்ந்த ஃபின் ஃபன் நிறுவனம் இந்த ரகத்தால்தான் அறியப்பட்டது. அதன் மோனோஃபினில் பாலிப்ரொப்பிலீன் தகட்டின்மேல் நுரை ரப்பரான நியோப்ரீன் போர்த்தியிருக்கும். அதைவிட உயர்ந்த ரகம், ஸ்கூபா நிட் என்ற தடித்த பின்னல் துணியில் தைத்து, நீச்சல் வீரர்கள் பயன்படுத்துவது போன்ற மோனோஃபினை உள்ளே வைத்த வால்கள். ஃபுளோரிடாவின் மெர்டெய்லர் போல சிலிக்கோன் வாலும் துணி வாலும் செய்யும் பட்டறைகள் இதில் இருக்கின்றன. இவை தவிர ஆஸ்திரேலியாவின் மஹினா நிறுவனத்தின் வழி ஒன்று உண்டு. அதில் துடுப்பே வால் வடிவில் ரப்பரில் வார்க்கப்பட்டிருக்கும், அதற்குத் துணி போர்வை தேவையில்லை. வால் நுனி தேய்ந்து கிழிவது என்ற பெரிய தொல்லையே இதில் இல்லை. வாரம் இரண்டு மூன்று முறை நீந்துகிறவருக்கு இது நல்ல தேர்வு. இடுப்பிலிருந்து நுனிவரை ஒரே துணியாக வழியும் தோற்றம் வேண்டுமென்றால் மட்டும் இது ஏமாற்றும்.

இனி மோனோஃபினைச் சோதிப்பது எப்படி என்று பார்ப்போம். பாதம் நுழையும் ஃபுட் பாக்கெட்டைக் கையில் பிடித்து, தகட்டின் நுனியைத் தரையில் ஊன்றி மெல்ல அழுத்துங்கள். வளைவு நடுவிலிருந்து நுனிவரை படிப்படியாகப் பரவ வேண்டும். ஒரே இடத்தில் கீல் போல மடிந்தால் உந்துதல் அங்கேயே வீணாகிறது, சில மாதங்களில் அதே இடத்தில் வெள்ளைக் கோடு விழுந்து தகடு உடையும். துளிகூட வளையாத தகடும் தொடக்கக்காரருக்கு ஆகாது. கணுக்காலும் கெண்டைக்காலும் பிடித்துக்கொள்ளும். முழங்காலை மடக்கி உதைக்கும் கெட்ட பழக்கமும் வந்துவிடும். கண்ணாடியிழைத் தகடு பிளாஸ்டிக்கைவிட நன்றாகத் திரும்பி எழும். குளத்தின் விளிம்பில் ஓங்கி அடித்தால் விரிசல் விடும் என்பதுதான் அதன் குறை. பாலிகார்பனேட் அடி தாங்கும், நீச்சலில் கொஞ்சம் மந்தம். முதல் வாலுக்கு மிதமான வளைவுள்ள கண்ணாடியிழையோ, கொஞ்சம் மெல்லிய பாலிகார்பனேட்டோ போதும்.

தகட்டைவிட ஃபுட் பாக்கெட்தான் அதிகம் பேரைத் தோற்கடிக்கிறது. செருப்பு அளவை மட்டும் நம்பி வாங்கினால் பத்து நிமிடத்தில் குதிகாலுக்கு மேலே தோல் உரியும். பாதத்தின் நீளத்தை மட்டுமல்ல, விரல்களுக்குக் கீழே உள்ள அகலத்தையும் சென்டிமீட்டரில் அளந்து விற்பவரிடம் கேளுங்கள். 2 மி.மீ. நியோப்ரீன் சாக்ஸ் போட்டு நீந்துவதாக இருந்தால் அதோடு சேர்த்து அளந்து சொல்ல வேண்டும். குதிகால் பட்டை உள்ள பாக்கெட் நல்லது, இறுக்கலாம், அவசரத்தில் விரலால் தள்ளிவிடலாம். பாக்கெட்டைத் தகட்டோடு இணைக்கும் திருகுகளின் தலை வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் அவை உறையை உள்ளிருந்தே அறுக்கும். வாங்கிய அன்றே அவற்றின்மேல் நியோப்ரீன் துண்டு ஒன்றை ஒட்டிவிடுங்கள்.

துணிக்கு வருவோம். நீண்டுகொடுக்கும் இழையான ஸ்பான்டெக்ஸோடு நைலான் கலந்த துணி தோலுக்கு மென்மை. பாலியெஸ்டர் கலந்த ஸ்பான்டெக்ஸ் குளோரினை அதிக நாள் தாங்கும். இரண்டிலுமே முதலில் சாவது ஸ்பான்டெக்ஸ் இழைதான், குளோரினும் வெயிலும் அதன் எதிரிகள். பெரும்பாலான செதில் பிரிண்டுகள் சூட்டில் சாயத்தை ஏற்றும் சப்ளிமேஷன் முறையில் பாலியெஸ்டர்மேல் அடிக்கப்படுகின்றன. சாயம் துணியின் மேற்பரப்பில்தான் நிற்கும். அதனால் துணியை இழுத்தால் இழைகளுக்கு நடுவே வெள்ளை தெரியும். கடையில் தொங்கும்போது கருநீலமாக இருந்த வால், தொடையில் ஏறியதும் வெளிறிப்போவது இதனால்தான். விற்பவரிடம் படம் கேட்கும்போது ஒருவர் போட்டுக்கொண்டிருக்கும் படத்தையே கேளுங்கள். பளபளக்கும் ஃபாயில் பிரிண்டைப் பற்றி எங்கள் கருத்து தெளிவானது: முதல் வாலுக்கு வேண்டாம். முழங்காலும் இடுப்பும் மடங்கும் இடங்களில் அது பொடிப்பொடியாக உதிரும்.

மெல்லிய நீச்சலுடைத் துணியில் முழங்கால் முட்டியும், கால்களுக்கு நடுவே உள்ள பள்ளமும் அப்படியே தெரியும். தடித்த ஸ்கூபா நிட் அதை மறைத்து வாலை ஒரே உடலாகக் காட்டும், தேய்மானமும் குறைவு. காய்வதற்கு மட்டும் ஒரு நாளுக்கு மேல் எடுக்கும். 3 மி.மீ. நியோப்ரீனில் தைத்த வால் குளிர் நீருக்கு இதம், ஆனால் மிதக்கும். கால்கள் மேலே எழும்பி, தலை கீழே போகும் நிலை வரும். கடல்நீரில் இன்னும் அதிகம். அதைச் சமாளிக்க எடைப்பட்டை கட்டுவது பயிற்சி பெற்றவர்கள் செய்வது. புதியவர் அந்தப் பக்கம் போகாமல் இருக்க, முழு நியோப்ரீன் வாலை முதலிலேயே தவிர்ப்பது நல்லது.

துணி வால் எங்கே முதலில் கெடும் என்று கேட்டால் ஒரே பதில்தான்: விசிறி போல விரியும் நுனியின் இரண்டு மூலைகளில். குளத்தின் தரையும் விளிம்பும் சிமென்ட்டும் ஓடுமாக இருக்கும்; ஒவ்வொரு உதையிலும், ஏறி உட்காரும் ஒவ்வொரு முறையும் அந்த மூலைகள்தான் உரசுகின்றன. நல்ல வாலில் அங்கே இரண்டாவது அடுக்குத் துணியோ, ரப்பர் பூச்சோ, வெளியே தைத்த நியோப்ரீன் பட்டையோ இருக்கும். ஒன்றும் இல்லை என்றால் அது உயர்தரம் என்று எழுதியிருந்தாலும் நம்பாதீர்கள். அடுத்து, உறையின் மூலை மோனோஃபினைத் தாண்டி எவ்வளவு நீள்கிறது என்று பாருங்கள். உள்ளே தாங்கல் இல்லாமல் ஒரு சாண் துணி தொங்கினால் நீந்தும்போது அது மடிந்து எதிர்ப்பக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் இழுப்பதால் நேராகப் போக முடியாது. நுனியில் தண்ணீர் வடியும் ஓட்டைகளும் வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே காற்று சிக்கிக் கால்களைத் தூக்கும், கரையேறும்போது சேர்ந்த தண்ணீர் மூட்டை போல இழுக்கும்.

தையலை இரண்டு கையாலும் பிடித்து நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். ‘பட் பட்’ என்று நூல் அறும் சத்தம் கேட்டால் நேர்த்தையல் போட்டிருக்கிறார்கள் என்று பொருள். நீளும் துணிக்கு ஓவர்லாக், ஜிக்ஜாக், ஃப்ளாட்லாக் போன்ற நீண்டுகொடுக்கும் தையல் வேண்டும். மோனோஃபினை நுழைக்கும் ஜிப் பல் பெரிதான பிளாஸ்டிக் ஜிப்பாக இருந்தால் மணலும் உப்பும் சிக்காது, துருவும் பிடிக்காது.

அளவு எடுப்பதில் அவசரம் கூடாது. கால்களை ஒட்டி வைத்து நில்லுங்கள். இரண்டு காலையும் சேர்த்துச் சுற்றி இன்னொருவர் அளக்கட்டும். தொப்புள் மட்டம், இடுப்பின் அகலமான இடம், தொடை நடு, முழங்கால், கெண்டைக்கால், கணுக்கால் என ஆறு சுற்றளவு. ஒரு காலை அளந்து இரண்டால் பெருக்கினால் தொடையில் கணக்கு தவறும். நீளத்தைப் படுத்துக்கொண்டு, பாதத்தை முன்னோக்கி நீட்டிய நிலையில், தொப்புளிலிருந்து கணுக்கால்வரை ஒன்று, விரல் நுனிவரை ஒன்று என இரண்டாக எடுங்கள். நின்றபடி குதிகால்வரை அளந்தால் நீந்தும் நிலையில் துணி போதாது. இடுப்புப் பட்டி இறங்கிக்கொண்டே இருக்கும். சுற்றளவில் உறை உடலைவிடக் கொஞ்சம், ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு, சிறியதாக இருக்க வேண்டும். நனைந்ததும் துணி தளரும் என்பதால்தான் இந்தக் கணக்கு. ‘வளர்ந்தால் போட்டுக்கொள்ளட்டும்’ என்று பிள்ளைகளுக்குப் பெரிய அளவு வாங்குவது இந்த ஒரு பொருளில் மட்டும் செய்யக்கூடாதது. தொளதொளத்த உறை தண்ணீரைக் கோதி இழுக்கும், முழங்காலில் சுருண்டு காலைச் சிக்க வைக்கும்.

பொட்டலம் வந்ததும் சீட்டைக் கிழிக்காமல், உலர்ந்த நிலையில் மெத்தைமேல் போட்டுப் பாருங்கள். முதலில் மோனோஃபினை உறைக்குள் செலுத்தி இரண்டு மூலைகளையும் நேராக்கி ஜிப்பை மூடுங்கள். பிறகு உறையைக் காலுறை போல இடுப்பிலிருந்து கணுக்கால்வரை சுருட்டி, பாதங்களைப் பாக்கெட்டில் நுழைத்துப் பட்டையை இறுக்கி, உள்ளங்கையால் தடவித் தடவி மேலேற்ற வேண்டும். நகத்தால் கிள்ளி இழுத்தால் இழை கிளம்பிவிடும். குளத்தருகே செய்யும்போது துணியையும் காலையும் நனைத்துக்கொண்டால் எளிதாக ஏறும்.

நீந்தி முடித்ததும் மோனோஃபினை வெளியே எடுங்கள். உறையைச் சாதாரண குளிர்ந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவிட்டு, மென்மையான சோப்பில் அலசி, முறுக்காமல் துண்டில் சுருட்டி அழுத்தி நீரை எடுத்து, நிழலில் தடித்த கழிமேல் நடுவாகப் போட்டுக் காய விடுங்கள். இடுப்புப் பட்டியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டால் ஈரத்தின் எடையால் வால் நீண்டுவிடும். மோனோஃபினைச் சுவரில் சாய்த்து நுனியில் நிறுத்தி வைத்தால் தகடு கோணும், படுக்கவைக்க வேண்டும். மூலையில் சிறு ஓட்டை விழுந்தவுடனே நியோப்ரீன் பசை தடவி, உள்ளிருந்து ஒட்டுப்போட்டு, பாலியெஸ்டர் நூலில் ஜிக்ஜாக் தையல் போடுங்கள்.

முதல் நாள் உறையையே தொடாதீர்கள். மோனோஃபினை மட்டும் மாட்டி, இடுப்பளவு நீரில் தொடங்கி, உதை மார்பிலும் இடுப்பிலுமிருந்து அலையாக இறங்குகிறதா என்று பழகுங்கள். 25 மீட்டரை நிற்காமல், மூச்சிரைக்காமல் நீந்த முடிந்த பிறகுதான் உறை. சாதாரண நீச்சலே உறுதியாக வராதவர் வாலைப் போடவே கூடாது. முக்குளிப்புப் பயிற்சி தரும் பாடி (PADI) அமைப்பு 2020 முதல் கடற்கன்னி நீச்சலுக்கென்றே வகுப்புகள் நடத்துகிறது, அதே துறையின் எஸ்.எஸ்.ஐ. (SSI) அமைப்பிலும் உண்டு; வாய்ப்பிருந்தால் ஒரு வகுப்புக்காவது போய்விட்டு வாங்குங்கள், அங்கேயே பல மோனோஃபின்களைப் போட்டுப் பார்க்கலாம். சில குளங்கள் வாலை அனுமதிப்பதில்லை, போவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். நீரடியில் அதிக நேரம் இருக்க ஆசைப்பட்டு வேகவேகமாக மூச்சை இழுத்து விட்டுப் பிறகு மூழ்குவது உயிருக்கு ஆபத்து. உடலில் கரியமில வாயு குறைந்துவிடுவதால் மூச்சு வேண்டும் என்ற உந்துதலே எழாமல் நினைவு தப்பிவிடும்.

உறையோடு இறங்கும் முதல் நாளில் முதல் வேலை கழற்றுவதுதான். இரண்டு கட்டைவிரலையும் இடுப்புப் பட்டிக்குள் விட்டு உறையைக் கணுக்கால்வரை தள்ளி, குதிகால் பட்டையை விடுவித்து, பாதங்களை உருவ வேண்டும். நிற்கும் ஆழத்தில், ஒவ்வொரு முறையும் ஒரு மூச்சுக்குள் முடியுமாறு, இதை ஐந்து முறை தடுமாறாமல் செய்து பாருங்கள். மெத்தைமேல் போட்டுப் பார்க்கும்போதே இதைச் சோதித்துவிடலாம். அங்கேயே பட்டி இடுப்பைத் தாண்ட அடம்பிடித்தால், நனைப்பதற்கு முன்பே திருப்பி அனுப்பிவிட்டு ஓர் அளவு பெரியது கேளுங்கள். நீருக்குள் ஒத்திகை பார்க்கும்போது பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், அவர் வால் போட்டிருக்கக் கூடாது. பிள்ளைகள் என்றால் கை எட்டும் தூரத்தில் பெரியவர் ஒருவர், ஒவ்வொரு முறையும்.