வறுத்த தேதி இல்லாத காப்பிக் கொட்டையை வாங்காதீர்கள்

போன வாரம் பாண்டி ஒயிட் டவுனில் ஒரு காப்பிக் கடையில் கால் கிலோ கொட்டை 780 ரூபாய் கொடுத்து வாங்கி ஏமாந்தேன். பொட்டலத்தின் மேல் ‘சிக்மகளூர் அராபிகா, ஏஏ, மீடியம் ரோஸ்ட், ஸ்பெஷாலிட்டி’ என்று அழகாக அச்சடித்திருந்தது. வறுத்த தேதியைத் தேடினேன், பேக் செய்த மாதம்தான் இருந்தது. கேட்டதற்கு, “இப்பதான் சார் வந்துச்சு, ஃப்ரெஷ்” என்றார் கல்லாவில் இருந்தவர். அப்போதே திரும்பி வந்திருக்க வேண்டும்.

வீட்டில் பிரித்ததும் அப்பா முகர்ந்து பார்த்து, “என்னடா இது, காறிப்போன கடலை எண்ணெய் வாடை அடிக்குது” என்றார். ஐம்பது வருஷமாக ஃபில்டர் காப்பி குடிக்கிறவர், அந்த மூக்கு தப்பாது. சரி என்று தாம்பாளத்தில் கொட்டிப் பரப்பினேன். மீடியம் வறுவல் என்றால் கொட்டையின் மேல் எண்ணெய் மினுங்காது, இது விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது. ஒன்று கருக வறுத்திருக்க வேண்டும், இல்லை வறுத்து மாசக்கணக்காகியிருக்க வேண்டும். அப்புறம் உற்றுப் பார்த்தால் பாதிக்குப் பாதி ரொபஸ்டா, அராபிகாவைவிட விலை குறைந்த இன்னொரு காப்பி வகை. அராபிகா கொட்டை நீளவாக்கில், நடுக்கோடு நெளிந்து இருக்கும். ரொபஸ்டா உருண்டையாக, கோடு நேராக இருக்கும். ரொபஸ்டா மட்டமான சரக்கு என்று சொல்ல வரவில்லை, டிகாஷனுக்குத் திடம் தருவதே அதுதான், ஆனால் அராபிகா விலையை வாங்கிக்கொண்டு அதைக் கலந்து கொடுப்பது திருட்டு. ஊடே பூச்சி துளைத்த கொட்டை மட்டும் பதினொன்று எண்ணினேன். வேர்க்கடலை நிறத்தில் வெளிறிக் கிடந்தவை வேறு, அவை பழுக்காத காயிலிருந்து வருபவை. ஏஏ என்பது கொட்டையின் அளவைத்தான் சொல்லும், ருசியைச் சொல்லாது. ஸ்பெஷாலிட்டி என்றால் ருசி பார்த்து நூற்றுக்கு 80 மதிப்பெண்ணாவது வாங்கியிருக்க வேண்டும். இந்தக் கொட்டை அதன் பக்கத்தில்கூடப் போகாது.

அரைத்துக் கொதிநீர் விட்டுப் பார்த்தேன். புதிதாக வறுத்ததாக இருந்தால் உள்ளே இருக்கும் வாயு கிளம்பிப் பொடி நுரைத்து உப்பும். இது ஈர மண் மாதிரி அப்படியே அமுங்கிவிட்டது.

மறுநாள் திருப்பிக் கொண்டுபோனால் “பிரிச்ச பாக்கெட் எடுக்க மாட்டோம் சார்” என்கிறார்கள். பிரிக்காமல் எப்படிங்க தெரியும்? பில்லைப் பத்திரமாக வைத்திருந்ததால் 1915-க்கு, நுகர்வோர் உதவி எண்ணுக்கு, புகார் சொல்லியிருக்கிறேன். இனிமேல் வறுத்த தேதியைக் காட்டி, கொட்டையைக் கையில் கொட்டிப் பார்க்கவிடுகிற கடையில் மட்டும்தான், அதுவும் முதலில் நூறு கிராம்.