கண்புரைக்கு ‘உயர்தர லென்ஸ்’ என்று சொல்லி என் தந்தைக்குச் செய்தது: பினாங்கிலிருந்து ஓர் எச்சரிக்கை

என் தந்தைக்கு வயது 67. மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், பாலத்துக்கு இப்பாலுள்ள பிறை நகரில் இருக்கிறார், நீரிழிவு வந்து பதினைந்து ஆண்டுகளுக்கு மேலாகிறது. தொழிற்சாலை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின், விடியற்காலை நான்கரை மணிக்கே வேனை எடுத்துக்கொண்டு பினாங்குப் பாலத்தைக் கடந்து, ஜார்ஜ் டவுன் லிட்டில் இந்தியாவிலுள்ள கடைகளுக்குப் பூ கொண்டுபோய்க் கொடுத்து வந்தார். சென்ற ஆண்டு அவருடைய வலது கண் மங்கத் தொடங்கி, எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் கூசுகிறது என்று சொன்னபோது, பேரங்காடியில் இலவசக் கண் பரிசோதனை நடத்திய ஒரு தனியார் கண் சிகிச்சை நிலையத்திற்கு அவரை அழைத்துப் போனோம்.

அறுவை சிகிச்சையைப் பற்றி யாரையும் பயமுறுத்த நான் இதை எழுதவில்லை. கண்புரை என்பது கண்ணின் மேல் படரும் தோல் அன்று. கண்ணுக்குள் இருக்கும் இயற்கை வில்லையே (லென்ஸ்) கலங்கிப்போவதுதான் கண்புரை. அதைக் கரைக்கும் சொட்டு மருந்து கிடையாது. கலங்கிய வில்லையை எடுத்துவிட்டு, செயற்கை வில்லையைப் பொருத்துவதே வழி. லண்டனில் ஹெரால்ட் ரிட்லி 1949இல் முதல் செயற்கை வில்லையைப் பொருத்தினார். 1967இல் அமெரிக்காவின் சார்ல்ஸ் கெல்மன் மீயொலி அதிர்வால் புரையை உடைத்து உறிஞ்சும் முறையைக் கொண்டுவந்தார். இன்று இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறலில் இது முடிந்துவிடுகிறது. எங்களுக்குக் கேடு வந்தது வில்லையைத் தேர்ந்தெடுத்த விதத்தில்.

விளம்பரத்தில் ஒரு கண்ணுக்கு 4,800 வெள்ளி (ரிங்கிட்) என்று போட்டிருந்தார்கள். மருத்துவர் ஐந்து நிமிடம்கூடப் பேசவில்லை. தந்தை என்ன வேலை செய்கிறார் என்று எவரும் கேட்கவில்லை. வில்லையைப் பற்றிப் பேசியதெல்லாம் முகப்பில் இருந்த விற்பனைப் பெண்தான். “அங்கிள், சாதா லென்ஸ் போட்டால் படிக்கக் கண்ணாடி வேண்டும், இந்த உயர்தர லென்ஸ் போட்டால் கண்ணாடியே வேண்டாம்” என்றார். விலை 9,200 வெள்ளியானது. தந்தை சேமநிதிப் பணத்தில் மிச்சம் வைத்திருந்ததை எடுத்துக் கொடுத்தார். ஒப்புதல் படிவத்தை எப்போது கொடுத்தார்கள் தெரியுமா? அறுவை சிகிச்சை நாளன்று காலையில், கண்ணின் பாவையை (கருவிழியின் நடுவிலுள்ள துளையை) விரிக்கும் சொட்டு மருந்தை விட்ட பிறகு! ஆங்கிலத்தில் அச்சிட்ட அந்தத் தாளை அவர் கண்ணருகே கொண்டுபோயும் ஓர் எழுத்தும் தெரியாமல், தாதி விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்திட்டார்.

அவருக்குப் பொருத்தியது பல்குவிய வில்லை. அது உள்ளே வரும் ஒளியைத் தூரத்துக்கும் அருகுக்குமாகப் பிரிக்கிறது. அதனால் இரவில் விளக்கைச் சுற்றி வளையங்கள் தெரியலாம். மங்கலான வெளிச்சத்தில் பொருள்களைப் பிரித்தறிவதும் குறையலாம். பெரும்பாலோர் சில மாதங்களில் பழகிவிடுகிறார்கள் என்பது உண்மைதான். ஆனால் விழித்திரையின் மையப்பகுதி பழுதுபட்டவர்களுக்கு இவ்வகை வில்லை பொதுவாக ஏற்றதன்று. இருட்டில் வண்டி ஓட்டிப் பிழைப்பவரிடமோ இதையெல்லாம் முன்கூட்டியே சொல்லியாக வேண்டும். “பாலத்து விளக்கெல்லாம் வளையம் வளையமாகத் தெரிகிறது, எது கிட்ட வருகிறது எது தூரத்தில் வருகிறது என்று பிடிபடவில்லை” என்று தந்தை சொன்னபோதுதான் எங்களுக்கு விபரீதம் புரிந்தது.

இதைவிடப் பெரிய தவறு ஆறாவது வாரத்தில் நடந்தது. மங்கல் போகவில்லை என்று திரும்பிச் சென்றபோது, “இரண்டாம் புரை வந்திருக்கிறது, லேசர் அடித்தால் சரியாகிவிடும்” என்று சொல்லி, மேலும் 600 வெள்ளி வாங்கிக்கொண்டு அன்றே செய்துவிட்டார்கள். செயற்கை வில்லையைத் தாங்கும் மெல்லிய உறையின் பின்பக்கம் பிற்காலத்தில் மங்குவதும், அதை யாக் லேசரால் திறந்துவிடுவதும் வழக்கமான சிகிச்சைதான். ஆனால் அந்த உறையைத் திறந்துவிட்டால், பிறகு வில்லையை மாற்றுவது மிகவும் சிக்கலாகிவிடும். வில்லைக்குப் பின்னால் கண்ணை நிரப்பியிருக்கும் கூழ் போன்ற பொருள் முன்னே வரவும், விழித்திரை பாதிக்கப்படவும் வாய்ப்பு கூடும். ஆகவே வில்லை ஒத்துக்கொள்ளவில்லை என்ற ஐயம் இருக்கும்போது, மங்கலுக்கு வேறு காரணம் உண்டா என்று தீர்மானித்த பின்பே லேசரைத் தொட வேண்டும். இதை எனக்கு விளக்கியவர், பிறகு நாங்கள் போன அரசாங்க மருத்துவமனையின் மருத்துவர். அவர் எடுத்த விழித்திரை ஸ்கேனில், நீரிழிவினால் மையப்பகுதியில் நீர் கோத்திருப்பது தெரிந்தது. முதல் நிலையத்தில் அந்த ஸ்கேனை ஒருமுறைகூட எடுக்கவில்லை.

உங்கள் வீட்டில் நீரிழிவு உள்ள பெரியவருக்குப் புரை என்றால், வில்லையைப் பற்றிய பேச்சுக்கு முன்பே, பாவையை விரித்து விழித்திரையைப் பார்த்தார்களா, மையப்பகுதியை ஸ்கேன் எடுத்தார்களா என்று கேளுங்கள். புரை மிக முற்றி உள்ளே தெரியவில்லை என்றால், அதையும் மருத்துவரே சொல்ல வேண்டும். எந்த வில்லை, ஏன் அது, இரவு ஓட்டத்துக்கு ஒத்து வருமா என்பதை அறுவை செய்யும் மருத்துவரிடமே கேளுங்கள். முகப்பில் இருப்பவர் சொல்வதை வைத்து முடிவு செய்யாதீர்கள். படிவத்தை முந்தின நாளே வீட்டுக்கு வாங்கி வந்து, தெரிந்தவரைக் கொண்டு தமிழில் சொல்லச் செய்யுங்கள். பொருத்திய வில்லையின் வகை, சக்தி, வரிசை எண் அச்சிட்ட ஒட்டுச்சீட்டு உங்களுக்கும் கிடைக்க வேண்டும். எங்களுக்கு அது மூன்றுமுறை கேட்ட பிறகே கிடைத்தது.

கட்டண விவரமும் அப்படித்தான். தனியார் சுகாதார நிலையங்களுக்கான 1998ஆம் ஆண்டுச் சட்டமும் அதன் கீழ் வந்த 2006ஆம் ஆண்டு விதிமுறைகளும் மதிப்பீட்டுத் தொகையையும், பொருள்வாரியான கணக்கையும் கேட்டுப் பெறும் உரிமையை நோயாளிக்குத் தருகின்றன. இது எனக்கு முன்பே தெரிந்திருந்தால், அந்த 9,200 வெள்ளியில் வில்லைக்கு எவ்வளவு என்று அன்றே கேட்டிருப்பேன். முதலில் நிலையத்திற்கே எழுத்தில் புகார் கொடுத்தேன். மழுப்பலான பதில் வந்ததால், சுகாதார அமைச்சின் தனியார் மருத்துவ நடைமுறைக் கட்டுப்பாட்டுப் பிரிவுக்கு ஸ்கேன் நகலையும், படிவத்தில் கையெழுத்திட்ட நேரத்தையும் சேர்த்து அனுப்பியிருக்கிறேன்.

தந்தைக்கு இப்போது நீர்க்கோவைக்காகக் கண்ணுக்குள் ஊசி போடுகிறார்கள். வளையங்கள் இன்னும் இருக்கின்றன. வேனைத் தம்பி ஓட்டுகிறான். தந்தை பக்கத்தில் உட்கார்ந்து, எந்தக் கடைக்கு எத்தனை முழம் என்று சொல்லிக்கொண்டு போகிறார்.