டாட் மோபி: புதுச்சேரியிலிருந்து ஒரு நெடுங்காலப் பயனரின் அனுபவம்

டாட்காம் போல இணைய முகவரியின் கடைசியில் வரும் பகுதியைப் பின்னொட்டு என்பார்கள். செல்பேசித் தளங்களுக்கென்றே வந்த டாட் மோபி என்ற பின்னொட்டில் முடியும் முகவரியில் ஒரு சிறிய தளத்தை 2007ஆம் ஆண்டு தொடங்கினேன். புதுச்சேரிப் பேருந்து நிலையத்திலிருந்து கடலூர், விழுப்புரம், திண்டிவனம், சென்னை ஆகிய ஊர்களுக்குச் செல்லும் அரசு மற்றும் தனியார் பேருந்துகளின் நேரத்தைச் செல்பேசியில் பார்க்க உதவுவதே அதன் வேலை. பெரும் நிறுவனங்கள் கைகோத்துக் கொண்டுவந்த ஒரு பின்னொட்டை நம்பி முகவரி வாங்கினால் நெடுங்காலத்தில் என்ன கிடைக்கிறது, என்ன கிடைக்காமல் போகிறது என்பதை, புதிய பின்னொட்டுகள் ஆண்டுதோறும் விற்பனைக்கு வந்துகொண்டிருக்கும் இன்றைய நிலையில், எழுதி வைப்பது பயன்படும் என்று கருதுகிறேன்.

அன்று அந்தப் பின்னொட்டுக்குப் பின்னால் நின்றவர்களின் பட்டியல் சாதாரணமானதன்று. நோக்கியா, மைக்ரோசாஃப்ட், வோடஃபோன், கூகுள், எரிக்சன், சாம்சங், டி-மொபைல், டெலிஃபோனிக்கா, இத்தாலியின் டிம் ஆகியவற்றுடன், செல்பேசி நிறுவனங்களின் உலகக் கூட்டமைப்பான ஜிஎஸ்எம் சங்கமும் அதில் முதலீடு செய்திருந்தது. இவர்கள் சேர்ந்து அயர்லாந்தின் டப்ளின் நகரில் அமைத்த நிறுவனத்துக்கு, இணையப் பெயர்களை நிர்வகிக்கும் ஐகான் அமைப்பு 2005இல் இசைவு அளித்தது. 2006இல் விற்பனை தொடங்கியது. கைபேசியைச் செய்பவர், அலைவரிசையை வைத்திருப்பவர், மென்பொருள் எழுதுபவர், தேடித் தருபவர் ஆகிய நான்கு தரப்பும் ஒரே மேசையில் அமர்ந்திருக்கும்போது, அது நிலைக்காது என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? நேரு வீதியில் அன்று எந்தக் கைபேசிக் கடையில் நுழைந்தாலும் கண்ணில் பட்டது நோக்கியாதான். அந்த நிறுவனமே ஆதரிக்கிறது என்பது எனக்குப் போதுமான சான்றாக இருந்தது.

இணைய வலையைப் படைத்த டிம் பெர்னர்ஸ்-லீ மட்டும் 2004லேயே இதை எதிர்த்து எழுதினார். ஒரு பக்கத்தின் முகவரி அந்தப் பக்கத்தைக் குறிக்க வேண்டுமே ஒழிய, அதைப் படிக்கும் கருவியைக் குறிக்கக் கூடாது. மேசைக் கணினியில் நான் பார்த்த பக்கத்தின் முகவரியை உங்கள் கைபேசிக்கு அனுப்பினால் அங்கும் அது திறக்க வேண்டும் என்பது அவருடைய வாதம். ஐகான் அதையும் மீறித்தான் இசைவு தந்தது.

விற்பனை முறை மிகுந்த கணக்கோடு வகுக்கப்பட்டிருந்தது. முதலில் தொழில்துறை உறுப்பினர்களுக்கும், அடுத்து வணிகச் சின்ன உரிமையாளர்களுக்கும் வாய்ப்பு. செப்டம்பர் 2006க்குப் பிறகே பொதுமக்களுக்கு. வளமான ஆங்கிலச் சொற்கள் ஆயிரக்கணக்கில் தனியே நிறுத்தி வைக்கப்பட்டு ஏலத்துக்கு வந்தன. அந்த அக்டோபரில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் நடந்த ஏலத்தில் மலர்கள் என்று பொருள்படும் ஃப்ளவர்ஸ் டாட் மோபி 2,00,000 டாலருக்குப் போனது. 2010இல் அதே பெயர் கைமாறிய விலை 6,500 டாலர். அந்த ஏலச் செய்தியே மிகச் சிறந்த விளம்பரமாக அமைந்தது என்று இப்போது தோன்றுகிறது. பெரிய வணிகப் பெயர்கள் பதிவாகியிருப்பதைக் காட்டி இத்தனை நிறுவனங்கள் வந்துவிட்டன என்று மறுவிற்பனையாளர்கள் சொல்வதுண்டு. அவற்றில் பல, தங்கள் பெயரைப் பிறர் பறித்துவிடாதபடி பூட்டி வைக்க மட்டுமே வாங்கப்பட்டவை. அப்படி வாங்குவதை ஆதரவின் கணக்கில் சேர்ப்பது முறையன்று.

என் அனுபவத்தில் இந்தப் பின்னொட்டின் மிகச் சிறந்த பகுதி, அதன் பெயரோடு வந்த விதிகள்தான். முகப்புப் பக்கம் எக்ஸ்எச்டிஎம்எல் மொபைல் புரொஃபைல் என்ற எளிய வடிவில் இருக்க வேண்டும். திரையை ஃப்ரேம் எனப்படும் தனித்தனிச் சட்டங்களாகப் பிரிக்கக் கூடாது. முன்னால் மூன்று டபிள்யூ தட்டாமலே தளம் திறக்க வேண்டும். இவை அன்று கட்டாயமாக இருந்தன. இவற்றோடு, ரெடி டாட் மோபி என்ற இலவசச் சோதனைத் தளம் நம் பக்கத்தைப் படித்து ஐந்துக்கு மதிப்பெண் போட்டு, எந்தப் படம் கனமானது, எந்த இணைப்பு தேவையற்றது என்று வரிவரியாகச் சொன்னது. வலைத் தரங்களுக்கான டபிள்யூ3சி அமைப்பு அக்காலத்தில் வகுத்த செல்பேசி நெறிமுறை, 120 படப்புள்ளி அகலத் திரையையும், படங்கள் உட்பட 20 கிலோபைட்டுக்குள் அடங்கும் பக்கத்தையும் அடிப்படையாகக் கொண்டிருந்தது. ஒரு நாளின் கடலூர்ப் பேருந்துகளை 20 கிலோபைட்டில் அடக்க முயன்றபோதுதான், அரியாங்குப்பம், தவளக்குப்பம், கன்னியக்கோயில் என்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் நேரம் போடுவதில் பயனில்லை என்பதும், அடுத்து வரும் சில பேருந்துகளை மட்டும் மேலே காட்டி மற்றவற்றை அடுத்த பக்கத்துக்குத் தள்ளலாம் என்பதும் புரிந்தன. ஜிபிஆர்எஸ் என்ற மெதுவான செல்பேசி இணையம் கிலோபைட் கணக்கில் காசு பிடித்த காலம் அது. படிப்பவரின் செலவை நினைத்து எழுதும் பழக்கத்தை அந்த விதிகள் எனக்கு ஏற்படுத்தின.

தமிழைப் பற்றி அந்த விதிகளில் ஒன்றுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அன்றைய பெரும்பாலான கைபேசிகள் தமிழ் எழுத்துகளைக் கட்டம் கட்டமாகவே காட்டின. ஆகவே ஊர்ப் பெயர்களை ஆங்கில எழுத்தில் போட்டே காலம் தள்ளினேன். இதற்கு ஒரு வழி வெளியிலிருந்து வந்தது. 2006இல் உலகெங்கும் வெளியான ஓப்பரா மினி உலாவி, பக்கத்தைத் தன் வழங்கியிலேயே (சர்வரிலேயே) சுருக்கி அனுப்பியதோடு, சிக்கலான எழுத்துகளைப் படமாக மாற்றிக் காட்டும் அமைப்பையும் பின்னர் கொண்டிருந்தது. அதன் வழியாகச் சாதாரணக் கைபேசியிலும் தமிழ் தெரிந்தது, டாட்காம் தளங்களும் ஓரளவு ஒழுங்காகத் திறந்தன. செல்பேசிக்கென்று தனி முகவரி வேண்டும் என்ற வாதத்தை ஐஃபோன் வருவதற்கு முன்பே, எங்கள் ஊரைப் பொறுத்தவரை, இந்த இலவச உலாவி பாதி உடைத்துவிட்டது.

மீதியை விசைப்பலகை உடைத்தது எனலாம். எண் விசைகளில் மோபி என்று ஆங்கிலத்தில் தட்டுவதற்கு ஒன்பது அழுத்தல்கள் வேண்டும். காம் என்பதற்கு ஏழே போதும்.  செல்பேசிக்கென்றே பிறந்த பின்னொட்டு செல்பேசியில் தட்டுவதற்கு மேலும் கடினமாக இருந்ததை அந்த மேசையில் அமர்ந்த எவரும் கவனிக்கவில்லையா என்று இன்றும் வியக்கிறேன்.

ஆனால் இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம் ஆதரவாளர்களின் நடத்தையில்தான் இருந்தது. கூகுள் தன் செல்பேசித் தேடலையும் அஞ்சலையும் டாட்காம் முகவரிக்குள்ளேயே வைத்துக்கொண்டது. நோக்கியா 2007இல் ஓவி என்ற சேவைத் தொகுப்பை அறிவித்தபோது முன்னிறுத்தியது டாட்காம் முகவரியைத்தான். கூட்டமைப்பில் இல்லாத ஃபேஸ்புக், பழைய முகவரியின் முன் எம் என்ற ஒற்றை எழுத்தைச் சேர்த்துக் காரியத்தை முடித்துக்கொண்டது. அதற்குப் புதிதாக எந்தப் பெயரையும் வாங்க வேண்டியதில்லை. விழா அழைப்பிதழில் தலைமை, முன்னிலை என்று பெயர் அச்சிடப்பட்ட பிரமுகர்கள் விழாவுக்கு வராதது போலத்தான் இதுவும். முதலீடும் முத்திரையும் தந்தவர்கள், தங்கள் அன்றாட வாடிக்கையாளரை அந்த முகவரிக்கு அழைத்து வரவில்லை. 2010 பிப்ரவரியில் அந்த நிறுவனத்தை, அதுவரை அதன் தொழில்நுட்பப் பின்புலத்தைக் கவனித்து வந்த அஃபிலியாஸ் வாங்கிக்கொண்டது. அதன் பிறகு இந்தப் பின்னொட்டுக்கான விளம்பரம் எதையும் நான் கண்டதாக நினைவில்லை.

அன்றாடத் தொல்லைகள் சிறியவை, எனினும் ஓயாதவை. பேருந்து நிலையத்துக்கு அருகில் ஒரு தேநீர்க் கடைச் சுவரில் முகவரியை எழுதித் தந்த ஓவியர், நான் தவறுதலாக விட்டுவிட்டேன் என்று கருதி, மோபிக்குப் பின்னால் டாட்காம் என்று தாமாகவே சேர்த்துவிட்டார். கேட்டதற்கு, “டாட்காம் இல்லாம எப்படிண்ணே தொறக்கும்?” என்றார். அவரைக் குறை சொல்ல முடியாது; விளம்பரம் சென்று சேர வேண்டிய ஆள் அவர்தான், அவரிடம் அது சேரவில்லை. சில இணையப் படிவங்கள் நான்கெழுத்துப் பின்னொட்டு கொண்ட மின்னஞ்சலைச் செல்லாது என்று திருப்பி அனுப்பின. முதலாண்டுச் சலுகை விலை தந்த மறுவிற்பனையாளர், அடுத்தடுத்த ஆண்டுகளில் டாட்காமைவிடக் கணிசமாகக் கூடுதலான தொகை கேட்டதும் உண்டு.

2011 டிசம்பர் 30 காலை தானே புயல் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரையைக் கடந்த பின், மின்சாரம் பல நாள் இல்லாமல், கைபேசிச் சமிக்ஞை வருவதும் போவதுமாக இருந்தது. எந்தத் தடத்தில் பேருந்து ஓடுகிறது என்பதை நடத்துநர்களிடம் கேட்டு ஒற்றைப் பக்கமாகப் போட்டு வந்தேன். அந்த மெல்லிய அலைவரிசையிலும் அது திறந்தது என்று கடலூரின் மஞ்சக்குப்பத்திலிருந்தும் முதுநகரிலிருந்தும் பலர் பின்னர் தெரிவித்தார்கள். அதற்குக் காரணம் பக்கத்தின் எடை. வேறு எந்தப் பின்னொட்டில் வைத்திருந்தாலும் அது அப்படியே திறந்திருக்கும்.

2024இல் வந்த செய்தி வேறு வகையானது. டாட் மோபி பெயர்களின் உரிமை விவரத்தைத் தரும் ஹூஈஸ் வழங்கி முன்பு இயங்கிவந்த முகவரி கைவிடப்பட்டு, 2023 இறுதியில் காலாவதியானது. வாட்ச்டவர் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் அதை 20 டாலருக்கு வாங்கி ஒரு வழங்கியை நிறுவியபோது, சில நாட்களிலேயே 1,35,000க்கும் மேற்பட்ட கணினிகள் 25 லட்சம் முறை அதனிடம் விவரம் கேட்டன. தளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் வழங்கும் நிறுவனங்களுள் சிலவும் அந்தப் பழைய வழங்கியையே நம்பியிருந்ததால், தீய நோக்கமுடைய ஒருவர் பிறருடைய டாட் மோபி தளத்துக்குச் சான்றிதழ் பெற்றுவிடக்கூடிய நிலை இருந்தது. ஆய்வாளர்கள் எல்லை மீறாமல் நிறுத்திக்கொண்டார்கள். அக்கறை குறைந்த ஒரு பின்னொட்டில் இத்தகைய கதவுகள் கவனிப்பாரின்றித் திறந்து கிடக்கும் என்பது எனக்கு விலையைவிடப் பெரிய கவலை.

ஒப்புநோக்க, கூகுள் 2015 ஏலத்தில் சுமார் 2.5 கோடி டாலர் கொடுத்து வாங்கி 2018இல் திறந்த டாட் ஆப் பின்னொட்டில், மறையாக்கப்பட்ட இணைப்பு கட்டாயம் என்ற விதியை உலாவியே நிறைவேற்றுகிறது. அந்நிறுவனத்தின் ஃபயர்பேஸ் சேவையில் வைக்கப்படும் தளங்களுக்கும் அதே பின்னொட்டில் முகவரி தரப்படுகிறது. புதிய பின்னொட்டை வாங்கலாமா என்று யாராவது என்னிடம் கேட்டால், ஆதரவாளர் பட்டியலைப் பார்க்காமல், அந்த ஆதரவாளர் தம் அன்றாடச் சேவையை எந்த முகவரியில் நடத்துகிறார் என்று முதலில் பார்க்கச் சொல்கிறேன்.

என் கால அட்டவணை இப்போது டாட் இன் முகவரியில் இருக்கிறது. டாட் மோபியைத் தட்டுபவர்கள் தாமாகவே அங்கே கொண்டு செல்லப்படுகிறார்கள். பழைய பெயரை விட்டுவிட்டால் வேறொருவர் எடுத்துப் போலிப் பயணச்சீட்டு விற்பனைக்குப் பயன்படுத்தக்கூடும் என்பதால், இந்த ஆண்டும் பணம் கட்டிப் புதுப்பித்திருக்கிறேன்.