அம்பாசிடர், பத்மினி வீல்களுக்கு எந்தப் பூச்சு தாங்கும்? பவுடரும் டூ-கேயும் ஓர் ஒப்பீடு

அம்பாசிடரின் 15 அங்குல இரும்பு வீலோ, பத்மினியின் 14 அங்குல வீலோ, துரு நீக்கிச் சீராக்கிய பிறகு அதற்கு என்ன பூச்சு கொடுப்பது? எங்கள் தேர்வு இதுதான்: துருக்குழி விழாத வீலுக்கு இரண்டு அடுக்கு பவுடர் கோட்டிங், அதாவது பெயிண்ட் தூளை அடித்து ஓவனில் சுட்டுப் பிடிக்கவைக்கும் பூச்சு. குழி விழுந்து பட்டி வைத்து நிரப்ப வேண்டிய வீலுக்கு டூ-கே, அதாவது இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்து அடிக்கும் பெயிண்ட். பவுடர் ஓவனில் இரும்பே 200 டிகிரி சூடாகும். சாதாரண பாலியஸ்டர் பட்டி அந்தச் சூட்டில் குமிழ் விட்டுக் கிளம்பிவிடும். ஸ்ப்ரே டப்பா பெயிண்டைப் பரிந்துரைக்கவே மாட்டோம். ஹார்டனர் கலக்காத பெயிண்ட்மேல் பிரேக் ஆயில் ஒரு சொட்டு பட்டால் போதும், இளகிக் கையோடு வரும்.

பவுடரின் பலம் அதன் கடினம். டயர் மாற்றும் லீவர், சேறு, சோப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் தாங்கும். ஆனால் ஜன்னல் கிரில்லுக்கு அடிப்பதுபோல ஒரே அடுக்கு பாலியஸ்டர் பவுடர் அடித்துக் கொடுத்தால், அது காருக்கு உதவாது. கல் பட்டுத் தெறித்த இடத்தில் தண்ணீர் இறங்கும். மேலே பளபளப்பு அப்படியே இருக்க, அடியில் துரு பரவும். ஒருநாள் நகத்தால் நெம்பினால் உள்ளங்கை அகலத்துக்குத் தோல்போல உரிந்து வரும். அதனால் முதல் அடுக்கு துத்தநாகம் கலந்த எபாக்சி பிரைமர் பவுடராக இருக்க வேண்டும், 60 முதல் 80 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்தில். அதை அரைவேக்காடாகச் சுட்டு, மேலே அதே கனத்தில் பாலியஸ்டர் அடித்து, இரண்டையும் சேர்த்து முழுதாகச் சுட வேண்டும். எபாக்சியையே மேல்பூச்சாக விட்டால் வெயிலில் வெளுத்துச் சுண்ணாம்புபோலக் கையில் ஒட்டும். இன்னொன்று, 200 டிகிரியில் 10 நிமிடம் என்பது இரும்பின் சூட்டுக்கான கணக்கு. ஓவன் காற்றின் சூட்டை வைத்துக் கணக்கிட்டால், தடித்த நடுத்தட்டு வேகாமலேயே வெளியே வந்துவிடும்.

பெரும்பாலும் தவறு நடக்கும் இடம் நட் உட்காரும் குழி. அந்தச் சரிவில் பவுடரை விட்டுவிட்டால், நட்டை இறுக்கும்போது பூச்சு நசுங்கி, துளையைச் சுற்றி மெல்லிய வளையமாகப் பிதுங்கி நிற்கும். இறுக்கம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும். வண்டி ஓடி ஹப் சூடானதும் நசுங்கிய பூச்சு இன்னும் அமுங்கும், நட் தளரும். வீல் கழன்று ஓடுவதற்கு இது ஒன்றே போதும். ஆகவே நட் குழிகளையும், ஹப்போடு ஒட்டும் பின்முகத்தையும், நடுத்துளையையும் சூடு தாங்கும் பச்சை டேப்பாலும் சிலிகான் அடைப்பாலும் மூடச் சொல்லுங்கள். பூச்சுக்குப் பிறகு பின்முகத்துக்கு எபாக்சி பிரைமர் மெல்லிசாக ஒரு கை போதும்.

பூச்சுக்கு முன் நடப்பதில்தான் ஆயுள் இருக்கிறது. துகளை வேகமாக அடித்துத் துரு நீக்குவதுதான் பிளாஸ்டிங்; ரிம்மும் நடுத்தட்டும் சேரும் இடுக்கில் அந்தத் துகள் நுழையாது. அங்கே மிஞ்சும் துரு ஆறு மாதத்தில் பழுப்புக் கோடாக வழியும். அந்த இடுக்கைப் பாஸ்பாரிக் அமிலக் கரைசலால் கழுவி, நன்றாக அலசி, ஓவனில் வைத்து ஈரத்தை ஓட்ட வேண்டும். பிளாஸ்டிங் முடிந்த வீலை வெறுங்கையால் தொடக்கூடாது. சென்னைக் காற்றில் அதை ஓர் இரவு விட்டால் செம்மை ஏறிவிடும், அன்றைக்கே முதல் அடுக்கு விழ வேண்டும். அதற்கும் முன்னால் நட் துளைகளுக்கு நடுவிலும் வெல்டிங் ஓரத்திலும் டை பெனிட்ரன்ட் (விரிசலுக்குள் புகுந்து அதைக் காட்டிக்கொடுக்கும் சாயம்) அடித்து விரிசல் பாருங்கள். விரிசலைப் பவுடர் அழகாக மறைத்துவிடும். ரிம் ஆட்டத்தையும் டயல் கேஜில் இப்போதே பார்த்துவிடுங்கள். சுட்ட பிறகு தட்டி நிமிர்த்தினால் பூச்சு வெடிக்கும்.

டூ-கேயில் எபாக்சி பிரைமர் இரண்டு கை, ஓர் இரவு ஆறவிட்டு வாட்டர் பேப்பர் தேய்ப்பு, பிறகு பாலியூரிதேன் மேல்பூச்சு இரண்டு கை. ஹார்டனர் அளவு டப்பாவில் போட்டிருப்பதே சட்டம். சீக்கிரம் காயட்டும் என்று கூட்டினால் பூச்சு நொறுங்கும் தன்மைக்குப் போய்விடும். கல்லடிக்குப் பவுடர் அளவு தாங்காது. ஆனால் கீறல் விழுந்த இடத்தை மட்டும் தேய்த்துத் திரும்ப அடிக்கலாம், பவுடரில் அது முடியாது. ரிம்மில் அச்சடித்த அளவும் தேதியும் தெளிவாகத் தெரிய வேண்டுமென்றாலும் இதுவே நல்லது. 150 மைக்ரான் பவுடர் எழுத்துகளின் முனையை மழுக்கிவிடும். மூச்சுக்குக் கெடுதலான ஐசோசயனேட் உள்ள பெயிண்ட் என்பதால் துணி மாஸ்க் போதவே போதாது, வெளியிலிருந்து குழாய் வழியே சுத்தமான காற்று வரும் மாஸ்க் வேண்டும். அடித்தபின் ஒரு வாரம் ஆறாமல் டயர் ஏற்றாதீர்கள்.

அலுமினிய வீல் வேறு கதை. பழைய பெயிண்டை எரித்து நீக்கும் சூளையில் அதை வைக்கவே கூடாது, உலோகத்தின் உறுதி போய்விடும். பாலிஷ் போட்ட ஓரத்தில் க்ளியர் பவுடர் அடித்தால், வழவழப்பில் பிடிப்பு இல்லாமல், கடலோர ஊர்களில் பூச்சுக்கடியில் வெள்ளைப் புழு நெளிந்ததுபோல அரிப்பு ஓடும். அதை வெறுமையாக விட்டு மாதம் ஒருமுறை மெழுகு பூசுவது மேல். போர்ஷே 911-க்கு 1966-இல் வந்த ஃபுக்ஸ் ஃபோர்ஜ்டு வீல் போன்றவை ஆனடைஸ் (மின்சாரத்தால் மேற்பரப்பில் ஆக்சைடு படலம் ஏற்றுவது) செய்யப்பட்டவை. அவற்றை மறுபடி ஆனடைஸ் செய்வதே முறை. கம்பி வீலை முழுசாகப் பவுடருக்குக் கொடுக்காதீர்கள். கம்பியை ரிம்மில் இறுக்கும் நிப்பிள்கள் ஒட்டிக்கொண்டால் பிறகு கம்பியை முறுக்கிக் கோட்டம் எடுக்க முடியாது.

வீலைத் திருப்பி வாங்கும்போது கனம் அளக்கும் கேஜை நான்கு இடத்தில் வைக்கச் சொல்லுங்கள். எம்இகே என்ற கரைப்பானில் நனைத்த பஞ்சால் உள்பக்கம் ஓரிடத்தில் 50 முறை தேய்த்துப் பாருங்கள். நிறம் பஞ்சில் தாராளமாக ஏறினால், அல்லது அந்த இடம் இளகினால், வேகவில்லை என்று அர்த்தம். பேலன்ஸ் வெயிட் உள்பக்கம் ஒட்டும் ரகமாக இருக்கட்டும், கவ்வும் ரகம் ரிம் ஓரத்தில் பூச்சை உடைக்கும். மாட்டி 50 கிலோமீட்டர் ஓடியதும் நட்டுகளை டார்க் ரெஞ்சில் ஒருமுறை, 200-இல் இன்னொரு முறை பாருங்கள். இரண்டாம் முறையும் தளர்ந்திருந்தால் வீலைக் கழற்றி நட் குழியில் பூச்சு ஒட்டியிருக்கிறதா என்று விளக்கடித்துப் பாருங்கள்.