குஞ்சுத் தீவனத்துக்கு எந்த என்சைம்: பைட்டேஸா, சைலனேஸா, எல்லாம் கலந்ததா?

சொந்தமாகத் தீவனம் அரைப்பவர் என்சைம் (தீவனம் செரிக்க உதவும் நொதி) கேட்டுப் போனால், கடைக்காரர் முதலில் எடுத்துப் போடுவது எல்லாம் கலந்த பாக்கெட்டைத்தான். சைலனேஸ், பீட்டா குளுக்கனேஸ், செல்லுலேஸ், புரோட்டியேஸ், அமைலேஸ் என்று லேபிள் நிறையப் பெயர்கள். அதைப் படிப்பதற்கு முன் உங்கள் மிக்சரில் விழும் தானியம் எது என்று பாருங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

சைலனேஸ் கோதுமைக்கான ஆள். கோதுமையில் சைலனேஸ் உடைக்கும் அராபினோசைலன் என்ற நார்ச்சத்து உண்டு. அதில் தண்ணீரில் கரையும் பகுதி, நறுக்கிய வெண்டைக்காய் மாதிரி குடலுக்குள் கொழகொழத்துவிடும். செரிமான நீர் கொழுப்பையும் புரதத்தையும் போய்ச் சேர முடியாது. வளர்ந்த கோழி இதை ஓரளவு சமாளிக்கும், மூன்று வாரத்துக்கு உட்பட்ட குஞ்சால் ஆகாது. மக்காச்சோளம் விலை ஏறியிருந்த சமயம் நானும் ஒருமுறை கோதுமையைத் தாராளமாகப் போட்டுவிட்டேன், என்சைம் இல்லாமல். எட்டாம் நாள் பார்த்தால் எச்சம் பசை மாதிரி. குஞ்சுகளின் பின்பக்க மயிரில் ஒட்டிக் காய்ந்து ஆசனவாயையே அடைத்திருந்தது. வெதுவெதுப்பான தண்ணீரில் பஞ்சை நனைத்து ஒவ்வொன்றாகத் துடைத்துவிட ஒரு சாயங்காலம் முழுக்கப் போனது. (புரூடரில், அதாவது குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்கும் இடத்தில், சூடு கூடினாலும் குறைந்தாலும் இப்படி ஒட்டும். முதலில் அதைப் பார்த்துவிட்டு அப்புறம் தீவனத்தைத் திட்டுங்கள்.)

மக்காச்சோளத்திலும் அரிசிக் குருணையிலும் இந்தக் கொழகொழப்பு மிகக் குறைவு. கம்பும் கோதுமை அளவுக்குத் தொல்லை தராது. அந்தத் தீவனத்தில் சைலனேஸ் போட்டால் ஒரு பேட்ச்சில் பலன் தெரியும், அடுத்ததில் தெரியாது. பீட்டா குளுக்கனேஸ் பார்லிக்கு உரியது. பார்லி போடாத நமக்கு அது வேண்டாத செலவு.

பைட்டேஸ் கதை வேறு. எந்தத் தானியமானாலும் இதற்கு வேலை இருக்கிறது. தானியத்திலும் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, பைட்டேஸ் உடைக்கும் பைட்டேட் என்ற சேர்மமாகக் கட்டுண்டு கிடக்கிறது. குஞ்சு அதில் பெரும்பகுதியை அப்படியே எச்சத்தில் தள்ளிவிடும். நாம் டிசிபி (டைகால்சியம் பாஸ்பேட்) போடுவது அந்தப் பற்றாக்குறையை ஈடுகட்டத்தான். கிலோவுக்கு 500 யூனிட் பைட்டேஸ் சுமார் 0.1 சதவீதப் பாஸ்பரஸை விடுவிக்கும் என்பது பொதுவான கணக்கு. டன்னுக்கு 1 கிலோ பாஸ்பரஸ். 18 சதவீதம் பாஸ்பரஸ் உள்ள டிசிபி என்றால் ஏறத்தாழ ஐந்தரை கிலோவைக் குறைக்கலாம். கிராமுக்கு 5000 யூனிட் உள்ள பொடி டன்னுக்கு 100 கிராம் போதும். பலர் செய்யும் தவறு, பைட்டேஸையும் போட்டுவிட்டு டிசிபியையும் குறைக்காமல் விடுவது. அப்படியானால் மிச்சம் எங்கிருந்து வரும்? சுண்ணாம்புக்கல் தூளையும் கை நிறைய அள்ளிப் போடாதீர்கள். கால்சியம் மிஞ்சினால் அது பைட்டேட்டோடு பிணைந்து என்சைமை வேலை செய்யவிடாது. குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். முட்டைக்கோழித் தீவனம் மிச்சமிருக்கிறதே என்று அதைக் குஞ்சுக்கு வைப்பது இன்னும் மோசம், அதில் 4 சதவீதம் வரை இருக்கும்.

சரி, கலவை பாக்கெட்? சோயாவின் நாரையும் புரதத்தையும் உடைக்க அதில் ஏதாவது உதவும்தான். ஆனால் ஒவ்வொரு என்சைமும் இத்தனை கலோரி மிச்சம் பிடிக்கும் என்று விற்பவர் சொல்வதை எல்லாம் கூட்டி, அந்த அளவுக்கு எண்ணெயைக் குறைக்காதீர்கள். செரிக்காமல் மிஞ்சும் சத்து ஒன்றுதான். முதல் என்சைம் அதில் ஒரு பங்கை எடுத்துவிட்டால் அடுத்ததற்குக் கிடைப்பது குறைவு.

என் வரிசை இது: மக்காச்சோளம்-சோயா தீவனத்தில் பைட்டேஸ் மட்டும், தவிடு சேர்த்தால் கட்டாயம் (தவிட்டில் பைட்டேட் மிக அதிகம்). கோதுமை கணிசமாக வந்தால் கூடவே சைலனேஸ். கலவையை எடுக்க எனக்கு இதுவரை காரணம் கிடைக்கவில்லை.

100 கிராமை ஒரு டன்னில் நேரடியாகக் கொட்டினால் ஒரு மூட்டைக்குக் கிடைக்கும், இன்னொன்றுக்குக் கிடைக்காது. நான் முதலில் 2 கிலோ சோயாத் தூளில் கையால் பிசறுவேன், அதை 20 கிலோவில் கலப்பேன், பிறகுதான் மிக்சர். என்னுடையது மாவுத் தீவனம், அதனால் சாதாரணப் பொடியே போதும். பெல்லட் (அழுத்திய குச்சித் தீவனம்) அடித்து, அதை உடைத்துக் கிரம்பிள் ஆக்குகிறீர்கள் என்றால், 80 டிகிரியைத் தாண்டும் நீராவியில் சாதாரண என்சைம் செத்துவிடும். வெப்பம் தாங்கும் வகையா என்று கேட்டு வாங்குங்கள், இல்லையென்றால் பெல்லட் ஆறிய பிறகு திரவமாகத் தெளியுங்கள்.