கையால் வரைந்தது என்று வந்த பிரின்ட்: பிரேம் போடும் முன் டார்ச் அடித்துப் பாருங்கள்

ஆர்டர் கொடுத்து வாங்கியது, ஓவியர் வான்கோ 1889-இல் வரைந்த 'நட்சத்திர இரவு' ஓவியத்தின் நகல். 'முழுக்கக் கையால் வரைந்த ஆயில் பெயின்டிங்' என்று ரசீதிலேயே போட்டிருந்தது. குழாயில் சுருட்டி வந்ததோ இங்க்ஜெட் பிரின்ட். அதன்மேல் நிறமில்லாத அக்ரிலிக் ஜெல்லைத் தூரிகையால் இழுத்துவிட்டிருக்கிறார்கள். விரலால் தடவினால் மேடுபள்ளம் தட்டுப்படும். அதை நம்பித்தான் பலர் ஏமாந்துபோகிறார்கள்.

அறையை இருட்டாக்கி, டார்ச்சைக் கேன்வாஸோடு ஒட்டினாற்போல் பக்கவாட்டில் பிடியுங்கள். எண்ணெய் வண்ணத்தில் மேடு வேறு, நிறம் வேறு அல்ல. நிலாவைச் சுற்றியுள்ள ஒவ்வொரு மஞ்சள் கீற்றும் தனி வரப்பாக நிற்கும். பாதி கலந்த இரண்டு நிறங்கள் ஒரே இழுப்பில் ஓடும். இதிலோ ஜெல் தடம் வெள்ளை நட்சத்திரத்தில் தொடங்கி, நீலத்தைத் தாண்டி, சைப்ரஸ் மரத்தின் கருமையில் போய் முடிகிறது. அடியிலிருக்கும் படத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. 10 மடங்கு லென்ஸில் மஞ்சள் பகுதியைப் பார்த்தால் மைப்புள்ளிகள் தெரியும். ஓரமும் காட்டிக்கொடுக்கும்: கையால் வரைந்ததில் வண்ணம் ஏறி இறங்கி வழிந்திருக்கும், பிரின்டில் ஸ்கேல் வைத்து வெட்டியதுபோல் நிற்கும்.

அளவிலும் மோசடி. மூல ஓவியம் 73.7 × 92.1 செ.மீ. அகலம் 90 என்றால் உயரம் ஏறக்குறைய 72 வரவேண்டும். 60 × 90 என்று விற்றதில் 12 செ.மீ. காணோம், சைப்ரஸின் நுனியே போய்விட்டது. ஆர்டர் கொடுக்கும் முன் மூலத்தின் உயரத்தை அகலத்தால் வகுத்து, நகலிலும் அதே விகிதம் வருகிறதா என்று பாருங்கள்.

அனுப்பும் முன் ஒப்புதலுக்கு வந்த போட்டோ, மூலத்தின் டிஜிட்டல் படத்தில் நிறத்தைக் கொஞ்சம் மாற்றியது, அவ்வளவுதான். பென்சில் கட்டம் போட்ட நிலை, அடி வண்ணம் பூசிய நிலை, முடிந்த பின் சாய்ந்த வெளிச்சத்தில் ஒன்று என மூன்று போட்டோ கேளுங்கள். மூன்றிலும் ஆர்டர் எண் எழுதிய துண்டுச் சீட்டு ஓரத்தில் இருக்கவேண்டும். தர மறுத்தால் மீதிப் பணம் தராதீர்கள். தடிமனான எண்ணெய் வண்ணம் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே வாரக்கணக்காகும். நாலே நாளில் உலர்ந்து பளபளவென்று வந்தால் அங்கேயே சந்தேகப்படுங்கள். 'கையால் மெருகேற்றியது', 'கலப்பு ஊடகம்' என்ற சொற்கள் விவரத்தில் எங்கே ஒளிந்திருந்தாலும் அது பெரும்பாலும் பிரின்ட்தான்.

புகார் செய்ததும், "தூரிகைத் தடம் கையால் போட்டதுதானே" என்று பதில். பாதிப் பணம் தருகிறோம், படத்தை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். இதை நீங்கள் எழுத்தில் ஒப்புக்கொண்டால், கார்டு கொடுத்த வங்கியில் முறையிடும்போது விற்றவர்கள் அதையே காட்டுவார்கள். டார்ச் வெளிச்சப் போட்டோக்களையும் ரசீதையும் உடனே வங்கிக்கு அனுப்புங்கள். அதுவரை கேன்வாஸைச் சட்டத்தில் இழுத்து ஸ்டேபிள் அடிக்காதீர்கள். அடித்ததைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.